விளிம்பில் பிறந்தவையா? விளிம்பால் பிறந்தவையா?

அறிவியற் செய்திகளைத் தமிழில் எழுதும் முயற்சி வளர்ந்துவரும் இக்காலத்தில் கலைச்சொல்லாக்கத்தைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகின்றோம். வாக்கியத்தைப் பற்றிப் பேசுவதோ குறைவு. சொல் சரியாக அமைந்துவிட்டால் கருத்தும் சரியாக அமைந்துவிடும் என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. அது முழுவதும் சரியன்று. வேற்றுமை உருபு ஒன்று மாறி நின்றால், கலைச்சொற்கள் யாவும் செம்மையாக இருந்தும் அறிவியல் பிழைபட்டுவிடும். இதற்கு விண்ணியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே ஆராய விழைகின்றோம். 'தூண்டப்பட்ட விண்மீன் பிறப்பு' என்னும் தொடரே அவ்வெடுத்துக்காட்டு.

விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் வெளியன்று. வளிமமும் நுண்தூசும் கலந்த பெருமுகில்கள் அங்கே மிதக்கின்றன. வளிமத்தில் மிகப் பெரும்பகுதி ஹைட்ரஜன். தூசு, எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. இம்முகில்களின் அடர்ந்த உட்பகுதிகளில் சுழிக்குக் கீழே ஏறத்தாழ 260 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர் நிலவுகிறது. முகிலின் ஒரு பகுதி தன் எடையைத் தானே தாங்கமாட்டாத நிலையை எய்தும்போது ஈர்ப்பு வெல்கிறது. அப்பகுதி உள்நோக்கிச் சரிந்து, திரண்டு, சூடேறி விண்மீனாகிறது. இவ்வாறு சரிவதற்குரிய வரம்பினை ஜேம்ஸ் ஜீன்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1902ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். வெளியிலிருந்து யாரேனும் தள்ளவேண்டும் என்னும் கட்டாயம் அக்கணக்கில் இல்லை. முகில் தானாகவும் சரியும். இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம். பின்வரும் வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

தள்ளுவோர் இருந்தால் என்னவாகும்? கதிரவனைப்போல் இருபது மடங்கு, முப்பது மடங்கு எடையுள்ள பெருவிண்மீன் ஒன்று முகிலிடையே தோன்றுகிறது எனக் கொள்வோம். அது வீசும் கடும் புறஊதாக் கதிர்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களை உடைத்து அவ்வளிமத்தை ஏறத்தாழ 10,000 பாகைக்குச் சூடேற்றுகின்றன. சூடேறிய வளிமம் நாற்புறமும் விரிகிறது. விரியும்போது தனக்கு வெளியே கிடக்கும் குளிர்ந்த வளிமத்தைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. களத்தில் பரப்பிய நெல்லைப் பலகையால் தள்ளும்போது பலகையின் முன்னே நெல் குவிகிறதன்றோ? அதுபோல, விரியும் குமிழியின் விளிம்பில் வளிமம் குவிந்து அடர்கிறது. குவிந்தது ஒரு வரம்பைக் கடந்தால் துண்டுபட்டுச் சரிந்து புதிய விண்மீன்களைப் பெறுகிறது. புரூஸ் எல்மெக்ரீன், சார்லஸ் லாடா என்னும் இருவர் 1977ஆம் ஆண்டில் இக்கருத்தைக் கணக்கோடு முன்வைத்தனர். மற்றொரு வழியும் கூறப்படுகிறது: முன்பே அடர்ந்து கிடக்கும் சிறு உருண்டையொன்றின்மேல் கதிர்கள் படும்போது அதன் மேற்பரப்பு சூடேறிப் புறத்தே பாய, அதன் எதிர்விளைவால் உட்பகுதி அமுக்குண்டு விண்மீனாகச் சரியும் என்பது அது. ஒன்றில் தள்ளிக் குவித்தல். மற்றொன்றில் அழுத்திச் சரித்தல். இரண்டையுமே 'தூண்டல்' என்கின்றனர்.

கருத்து அழகியது; ஒரு தலைமுறை தன் அடுத்த தலைமுறையைத் தானே பிறப்பிக்கும் வரலாறு. ஆயின் அதனைக் கண்ணாற் காண்பது எவ்வாறு? முகிலில் நூற்றில் ஒரு பங்கேயான அத்தூசுதான் இங்கே திரையாக நிற்கிறது. தூசித் துகள்கள் ஒரு மைக்ரானிலும் சிறியவை. கட்புலனாகும் ஒளியின் அலைநீளமும் ஏறத்தாழ அவ்வளவினதே ஆகையால், அவ்வொளி தூசில் பட்டுச் சிதறி மறைந்துவிடுகிறது. அலைநீளம் மிகுந்த அகச்சிவப்புக் கதிர்களோ பெருமளவு தடையின்றி வெளிவருகின்றன. மேலும், தூசு தானே சூடேறும்போது அகச்சிவப்பில்தான் ஒளிர்கிறது. எனவே பிறந்த குழந்தையைக் காணவும் அகச்சிவப்பு வேண்டும். அதனைப் போர்த்தியுள்ள துணியைக் காணவும் அதுவே வேண்டும்.

இக்கதிரை 1800ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷெல். முப்பட்டகக் கண்ணாடியால் கதிரவன் ஒளியை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது மேலும் ஏறிற்று. சிவப்புக்குப் புறத்தே கிடக்கும் ஒன்றை 'அகச்சிவப்பு' என நாம் வழங்குவது சற்று விந்தையே. பொருத்தம் கருதின் இலங்கைத் தமிழர் வழங்கும் 'செங்கீழ்க் கதிர்' மூலச்சொல்லுக்கு நெருங்கியது. ஆயினும் முகிலின் அகத்தைக் காட்டும் கதிர் என்று கொண்டால் நம் சொல்லும் தன்னைக் காத்துக்கொள்ளும். பழகிவிட்ட சொல்லை மாற்றுவதில் நமக்கு விருப்பமில்லை.

நம் வளிமண்டலத்தின் நீராவி இக்கதிர்களில் பலவற்றை விழுங்கிவிடுவதால் கருவிகளை மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 100 செ.மீ. தொலைநோக்கியொன்றைப் பெரும் பலூனில் கட்டி ஐதராபாத்திலிருந்து வானில் ஏற்றி ஆய்ந்தனர். இச்செய்தி நம் மாணவரிடையே பரவலாக அறியப்படாமை வருந்தத்தக்கது. அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் கூடி 1983இல் ஏவிய 'ஐராஸ்' விண்கலம் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் துழாவிய முதற்கலம். 2003இல் ஏவப்பட்டு 2020 சனவரியில் ஓய்வுபெற்ற ஸ்பிட்சர், 2009 முதல் 2013 வரை இயங்கிய ஐரோப்பியக் கலமான ஹெர்ஷெல், 2021 டிசம்பரில் புறப்பட்ட ஜேம்ஸ் வெப் என இவ்வரிசை நீள்கிறது.

ஸ்பிட்சர் தந்த படங்களே 'தூண்டல்' என்னும் சொல்லை ஆய்வுலகில் அடிக்கடி ஒலிக்கச் செய்தன எனலாம். நம் பால்வழி மண்டலத்தின் தளத்தை அது படம்பிடித்தபோது எங்கு நோக்கினும் குமிழிகள் தெரிந்தன. 2006இல் சர்ச்வெல் முதலியோர் 322 குமிழிகளைப் பட்டியலிட்டனர். பின்னர் அப்படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டன. 35,000க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அவற்றைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க, 2012இல் வெளிவந்த பட்டியலில் குமிழிகள் 5,106 ஆயின. தொழில்முறை விண்ணியலார் அல்லாத எளிய மக்களின் கண்கள் செய்த பணி இது. அக்குமிழிகள் பலவற்றின் விளிம்புகளில் இளம் விண்மீன்கள் காணப்பட்டன. விளிம்புகளையொட்டி இளம் பெருவிண்மீன்கள் மிகுந்து காணப்படுவதை எண்ணிக் கணக்கிட்ட தாம்சன் முதலியோர், பால்வழியின் பெருவிண்மீன்களில் நூற்றுக்கு 14 முதல் 30 வரை தூண்டலால் பிறந்திருக்கலாம் என 2012இல் மதிப்பிட்டனர்.

'பிறந்திருக்கலாம்' என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். இந்த ஒரு சொல், ஆய்வுக் கட்டுரையிலிருந்து நாளிதழ்ச் செய்திக்கும், செய்தியிலிருந்து மொழிபெயர்ப்புக்கும், மொழிபெயர்ப்பிலிருந்து மாணவரின் விடைத்தாளுக்கும் வருவதற்குள் 'பிறந்தன' என்றாகிவிடுகிறது. இடையில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் சுருக்கினார்கள், அவ்வளவே.

இவ்விடத்தில் இலக்கணம் கற்பிக்கும் நமக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களை நன்னூலார் கூறினார். 'தச்சனால் செய்யப்பட்ட தேர்' என்பதில் தச்சன் கருத்தா. 'தாயொடு குழந்தை வந்தது' என்பது உடனிகழ்ச்சி. குழந்தையின் வருகைக்குத் தாய் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வாக்கியம் அதனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கருத்தாவையும் உடனிகழ்ச்சியையும் ஒரே வேற்றுமைக்குள் வைத்த முன்னோர் அவற்றின் உருபை வேறுபடுத்தி வழங்கினர். ஏழாம் வேற்றுமையின் 'இல்' இன்னும் அடக்கமானது. இடத்தை மட்டும் சுட்டி அமைந்துவிடும்.

அகச்சிவப்புப் படம் நமக்குக் காட்டுவது எது? குமிழி ஒன்று உள்ளது. அதன் விளிம்பில் இளம் விண்மீன்கள் உள்ளன. இஃது ஏழாம் வேற்றுமை. பெருவிண்மீனொடு இவை காணப்படுகின்றன எனலாம். இஃது உடனிகழ்ச்சி. பெருவிண்மீனால் இவை பிறந்தன என்பதோ கருத்தாப் பொருள். படத்தில் 'ஆல்' உருபு இல்லை. அதனை நாம் சேர்க்கின்றோம்.

கருத்தாவிலும் இலக்கண நூலார் இரு வகை கண்டனர். தேரைத் தன் கையால் செய்த தச்சன் இயற்றுதற் கருத்தா. 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்னும்போது அரசன் கல் சுமக்கவில்லை, கட்டுமாறு ஏவினான். அவன் ஏவுதற் கருத்தா. விண்மீன் பிறப்பில் இயற்றுதற் கருத்தா எப்போதும் ஈர்ப்புதான். பெருவிண்மீன் ஏவுதற் கருத்தாவாக மட்டுமே இருக்கக்கூடும். ஆயின் அரசன் ஆணையிடாவிட்டாலும் ஊரார் அக்கோயிலைக் கட்டியிருப்பார்களோ? கட்டத் தொடங்கிய பின்னர்தான் ஆணை வந்ததோ? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் கல்வெட்டில் அரசன் பெயரைப் பொறிக்கலாமா? முகில் தானாகவும் சரியும் என்று தொடக்கத்தில் நாம் வற்புறுத்தியது இதற்காகவே.

இலக்கணக்காரரின் வீண் நுணுக்கம் என்று இதனைத் தள்ளுவோர் உண்டு. அவர்களுக்கு விண்ணியலாரின் செய்கையையே சான்றாகக் காட்டுவோம். கணினியில் ஒரு முகிலைப் படைத்து, அதனை இருமுறை ஓடவிடலாம்: ஒருமுறை பெருவிண்மீனின் கதிர் வீச்சோடு; மறுமுறை அவ்வீச்சு இல்லாமல். வீச்சு இல்லாமலும் பிறந்த விண்மீன்கள் எவை, வீச்சினால் மட்டும் பிறந்தவை எவை என அப்போது பிரித்துணர முடியும். ஜேம்ஸ் டேல், தாமஸ் ஹாவர்த், எலி பிரெசர்ட் ஆகிய மூவர் 2015இல் இவ்வகை ஆய்வொன்றை வெளியிட்டனர். தூண்டப்பட்டவையும் தாமே பிறந்தவையும் விளிம்புகளிலும் தூண்களிலும் கலந்தே கிடந்தன. விளிம்பில் இருத்தல், தூணின் நுனியில் இருத்தல் முதலிய அடையாளங்கள் ஒரு தனி விண்மீனைத் 'தூண்டப்பட்டது' எனத் தீர்மானிக்க ஓரளவே உதவுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. துப்பாக்கியின் விசையைக் கண்டவுடன் அழுத்தத் துடிக்கும் விரல் ஆபத்தானது என்னும் பொருள்படத் தம் கட்டுரைக்கு அவர்கள் தலைப்பிட்டிருந்தனர். ஆங்கிலத்தில் தூண்டலுக்கும் துப்பாக்கி விசைக்கும் ஒரே சொல். நமக்கு அச்சிலேடை வாய்க்கவில்லை.

ஆனால் உண்மையான வானம் ஒருமுறைதான் ஓடுகிறது. அங்கே மறுமுறை ஓட்டிப் பார்க்க வழியில்லை. எனவே சுற்றுவழிச் சான்றுகளைத் தேடவேண்டியிருக்கிறது.

அவற்றுள் ஒன்று வயது. காசியோப்பியா விண்மீன் குழுவில், ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவில், டபிள்யூ 5 எனப்படும் பெருமுகில் ஒன்று இரு பெருங் குழிவுகளோடு காணப்படுகிறது. 2008இல் சேவியர் கோனிக் முதலியோர் ஸ்பிட்சர் கொண்டு ஆராய்ந்தபோது, குழிவின் நடுவே உள்ள விண்மீன்கள் மூத்தவை, விளிம்புகளில் உள்ளவை இளையவை என்னும் ஒழுங்கு புலப்பட்டது. தூண்டல் கொள்கை எதிர்பார்ப்பதும் இதுவே. நல்ல சான்றுதான், ஆயினும் நடுவே வளிமம் முன்பே துடைக்கப்பட்டுவிட்டது, விளிம்பில்தான் மீந்திருக்கிறது. வளிமம் உள்ள இடத்தில் குழந்தைகள் இருப்பது இயல்பன்றோ? அண்ணனும் தம்பியும் வயதில் வேறுபடுவதால் மட்டும் அண்ணன் தம்பிக்குத் தந்தையாகிவிட மாட்டான்.

விருச்சிகத்தில் உள்ள ஆர்.சி.டபிள்யூ. 120 என்னும் குமிழி இதனினும் சுவையானது. ஏறத்தாழ வட்டமாக அமைந்த அக்குமிழியின் நடுப்பகுதியில் ஒரு பெருவிண்மீன் உள்ளது. 2010இல் ஹெர்ஷெல் கலம் அதன் விளிம்பில், கதிரவனைப்போல் எட்டு மடங்குக்குக் குறையாத எடையை அதற்குள்ளாகவே எய்திவிட்ட கருநிலை விண்மீன் ஒன்றைக் காட்டியது. அதனைச் சுற்றி ஏறத்தாழ 2,000 கதிரவன்களின் எடைக்கு வளிமம் சூழ்ந்து கிடந்தது. தூண்டலுக்கு இதைவிடச் சிறந்த காட்சி வேண்டுமோ என்று தோன்றும். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர் டோரி முதலியோர் அதே இடத்தின் வளிம இயக்கத்தை அளந்து வேறொரு கதை சொன்னார்கள்: இரு முகில்கள் ஒன்றோடொன்று மோதியதே அப்பெருவிண்மீன் பிறக்கக் காரணமாயிருக்கலாம், வட்டவடிவும் அம்மோதலோடு தொடர்புடையதே என்பது அவர்கள் கருத்து. போயிங் 747 வானூர்தியில் 2.7 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்திப் பறந்த 'சோஃபியா' (2022இல் அப்பணி முடிந்தது) கரிம அயனியின் 158 மைக்ரான் கதிரைக் கொண்டு அக்குமிழியின் விரிவை அளந்தது. விநாடிக்கு 15 கிலோமீட்டர். அவ்வேகத்தில் விரிந்திருந்தால் குமிழியின் வயது 1,50,000 ஆண்டுக்கும் குறைவு. எனவே தூண்டல் இதுவரை எண்ணியதைவிட மிக விரைவாகவும் நிகழும் என 2021இல் அந்த ஆய்வுக் குழுவினர் முடிவு கட்டினர்.

ஒரே குமிழி, ஒன்றோடொன்று பொருந்தாத விளக்கங்கள். நம் கருத்தைக் கேட்டால், 2021ஆம் ஆண்டின் அளவீட்டுக்கே மிகுந்த மதிப்புத் தருவோம். படம் இடத்தைச் சொல்கிறது. இவ்வளவீடு இயக்கத்தைச் சொல்கிறது. தள்ளுகிறது என்று சொல்ல, தள்ளும் வேகத்தையாவது அளந்திருக்க வேண்டும். அங்கும் இறுதிச் சொல் சொல்லப்பட்டுவிட்டதாக நாம் எழுதமாட்டோம்.

கழுகு நெபுலாவில் உள்ள தூண்களை அறியாதார் இன்று குறைவு. 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த அப்படம் நாட்காட்டிகளிலும் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. 'படைப்பின் தூண்கள்' என்ற பெயரே பாதி வாதத்தை முடித்துவிடுகிறது. அத்தூண்களில் சிறு சிறு உருண்டைகள் துருத்திக்கொண்டிருந்தன. ஆவியாகும் வளிம உருண்டைகள் எனப் பொருள்படும் அவற்றின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'முட்டை' என்னும் சொல் கிடைக்கும். அதனால் முட்டை என்றே அழைத்தனர். முட்டையென்றால் உள்ளே குஞ்சு இருக்கவேண்டுமே! மக்காக்ரியன், ஆண்டர்சன் என்னும் இருவர் சிலி நாட்டின் பரானல் மலையில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் அகச்சிவப்பில் நோக்கி, 2002இல் கணக்கை வெளியிட்டனர். 73 முட்டைகளில் 11இல் மட்டுமே இளம் விண்மீனுக்குரிய அறிகுறி தென்பட்டது. ஏனைய 62 கூமுட்டைகளாகவே தோன்றின. கட்புல ஒளியில் எழுந்த கற்பனையை அகச்சிவப்பு இவ்வாறு எண்ணி அளந்து அடக்கிற்று. நம் நூல்களில் முதற்படம் இடம்பெற்ற அளவுக்கு இந்த 11 என்னும் எண் இடம்பெறவில்லை. அது குறை என்றே கருதுகின்றோம். 2022இல் ஜேம்ஸ் வெப் எடுத்த படம் தூண்களின் ஓரங்களில் இளம் விண்மீன்கள் பாய்ச்சும் பீறல்களைச் செந்நிறத்தில் காட்டுகிறது. பிறப்பு நிகழ்கிறது என்பதில் ஐயமில்லை. ஏவியது யார் என்பதே ஐயம்.

'இருக்கலாம்', 'கூடும்' என்று எழுதினால் வாசகர் சலிப்படைவர் என்பது எழுத்தாளர் சிலர் நம்மிடம் கூறும் தடை. சலிப்பூட்டுவது ஐயமன்று, ஐயத்துக்குக் காரணம் சொல்லாமை. 73இல் 11 என்று சொல்லிப் பாருங்கள், எந்த மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். எனவே நம் துறை மாணவர் அறிவியற் கட்டுரை எழுதப் புகும்போது, காட்சியைக் கூறுமிடத்தில் 'குமிழியின் விளிம்பில் பிறந்த விண்மீன்கள்' என எழுதுக. வயதும் வேகமும் அளந்து ஆய்வாளர் வாதிட்ட இடத்தில் 'தூண்டலால் பிறந்திருக்கக்கூடிய' என எழுதுக. 'தூண்டப்பட்ட' என்னும் செயப்பாட்டுப் பெயரெச்சம் தூண்டியவனை மறைத்துக்கொண்டே தூண்டலை நிலைநாட்டிவிடும். அதனை ஆள்கையில் எச்சரிக்கை வேண்டும்.

மற்றொன்றையும் எழுதவேண்டும். தூண்டுவதாகச் சொல்லப்படும் அதே பெருவிண்மீன் முகிலை அழிக்கவும் செய்கிறது. கழுகு நெபுலாவின் தூண்கள் அருகிலுள்ள பெருவிண்மீன்களின் கதிர்பட்டு ஆவியாகி வருகின்றன. பத்து இலட்சம் ஆண்டில் ஏறத்தாழ 70 கதிரவன்களின் எடையை அவை இழக்கும் என்றும், மொத்தம் ஏறத்தாழ 200 கதிரவன்களின் எடையே உள்ள அவை இன்னும் முப்பது இலட்சம் ஆண்டளவில் கரைந்துவிடும் என்றும் 2015இல் கணக்கிட்டுள்ளனர். அவ்வாறு கரைந்துபோகும் வளிமத்திலிருந்து பிறந்திருக்கக்கூடிய விண்மீன்களை எந்தத் தொலைநோக்கியாலும் எண்ணிக் காட்ட இயலாது.